யாரைத் தூக்குறீங்க?

நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு ஓடி வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இருப்பதில்லை. இரவுப் பணி பார்க்கும் எந்த ஊர் மருத்துவருக்கும் இது தெரியும். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுப்பார்கள். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால், "ஒண்ணுமில்லங்க, டென்ஷன்தான், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவைப்பார்கள். உயிர் தப்பிய நிம்மதியோடு அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுவார். வலி மட்டும் அப்படியே இருக்கும். இடது மார்பில், முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், சில சமயம் இடது கை வரைக்கும். வாசலைத் தாண்டும்போது அவர் மனத்தில் எழும் கேள்விக்கு உள்ளே யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்றால், இத்தனை நேரம் வலித்தது எது?

இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியா நகரில் டர்னர்ஸ் லேன் என்ற ராணுவ மருத்துவமனை இருந்தது. அங்கே ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்ற மருத்துவரிடம் இளம் சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நெஞ்சில் வலி, படபடப்பு, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கல், தலைச்சுற்றல், தாங்க முடியாத அசதி. மார்பில் காது வைத்துக் கேட்டால் வால்வுகளில் கோளாறு இல்லை. ஆனாலும் அவர்களால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்பில் நிற்க முடியவில்லை. சுமார் 300 பேரைக் கவனித்து எழுதிய குறிப்புகளை 1871-ல் டா கோஸ்டா ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். எரிச்சல்பட்ட இதயம் என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்தார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, களத்தில் கடும் உழைப்பு என்று காரணங்களை வரிசைப்படுத்தினார். ஓய்வு கொடுத்தார், டிஜிட்டாலிஸ் மருந்து கொடுத்தார். நோயாளிகள் சொன்னதை நம்பிக் கேட்டு எழுதிக்கொண்டார் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் ராணுவ மருத்துவர்கள் இதே தொல்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகுப் பையின் தோல்வார் மார்பை அழுத்துவதுதான் காரணம் என்றார் ஒருவர். சீருடை இறுக்கமாக இருப்பதால் இதயம் நசுங்குகிறது என்றார் இன்னொருவர். சீருடையைத் தளர்த்தியும் வலி குறையவில்லை. முதல் உலகப்போர் வந்தபோது ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அதே நெஞ்சுவலியோடு முகாம்களுக்குத் திரும்பினார்கள். ஹேம்ப்ஸ்டட் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் லூயிஸ் என்ற இதயநோய் அறிஞர் அவர்களைப் பரிசோதித்தார். இதயநோய் என்று முத்திரை குத்திப் படுக்கையில் கிடத்தப்பட்டவர்கள் நாளுக்கு நாள் நலிந்துபோவதையும், சிறுசிறு உடற்பயிற்சியாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் பலர் தேறுவதையும் அவர் கண்டார். 1918-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

பிறகு 1941. இரண்டாம் உலகப்போர் நடக்கிறது. லண்டனில் பால் வுட் என்ற இதயநோய் மருத்துவர் இந்த நோயாளிகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்துகிறார். 1907-ல் நம் நீலகிரியில், குன்னூரில் பிறந்தவர் அவர். இந்த வலி இதயத்திலிருந்து வரவில்லை, நோய்க்கு வேர் அச்சத்தில் இருக்கிறது என்றார். 'இதயம் போய்விட்டது' என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் எப்படி வேர்பிடிக்கிறது, அந்த எண்ணமே அடுத்த வலியை எப்படி அழைத்து வருகிறது என்று விளக்கினார்.

அறுபது, எழுபது ஆண்டுக்காலம் கெட்டிக்கார மருத்துவர்கள் தோல்வாரைப் பார்த்தார்கள், கழுத்துப்பட்டியைப் பார்த்தார்கள், வால்வைப் பார்த்தார்கள், சிப்பாயின் தைரியத்தைக்கூட அளந்து பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற தோழன் சிதறியதைப் பார்த்துவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பையன் அவன் என்பதை மிகக் கடைசியாகத்தான் பார்த்தார்கள். போரின் பயங்கரம் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் காரணம் தேடினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் பொங்கும். நாமும் இன்று அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

வலி எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாததால்தான் பாதி பயம்.

நமக்கு விலா எலும்புகள் பன்னிரண்டு ஜோடி. ஒவ்வொன்றும் பின்னால் முதுகெலும்போடு மூட்டாகச் சேர்கிறது. மேலே உள்ள ஏழு ஜோடி முன்னால் குருத்தெலும்பு வழியாக நேரே நெஞ்செலும்பில் சேர்கிறது. விலாக்களுக்கு இடையில் தசைகள். நாம் நாளொன்றுக்குச் சுமார் 20,000 முறை மூச்சு விடுகிறோம். அத்தனை முறையும் இந்தக் கூடு விரிந்து சுருங்குகிறது. அமைதியாக இருக்கும்போது பெரும்பகுதி வேலையை வயிற்றுக்கு மேலே இருக்கும் உதரவிதானம் பார்த்துக்கொள்ளும். கவலையில் இருப்பவர் வயிற்றை இறுக்கிக்கொள்கிறார். தோள் காதை நோக்கி ஏறுகிறது. மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது. அவசரத்துக்கு மட்டும் கைகொடுக்க வேண்டிய கழுத்துத் தசைகளும் மேல்மார்புத் தசைகளும் நாள் முழுக்க மூச்சை இழுக்கின்றன.  சில வாரம் இப்படிப் போனால் தசையில் முடிச்சு முடிச்சாக இறுகல். குருத்தெலும்பு சேரும் இடத்தில் தொட்டால் வலி. பின்னால் விலா மூட்டில் பிடிப்பு. முன்னால் நெஞ்சு வலிப்பதும் பின்னால் முதுகு வலிப்பதும் பல சமயம் ஒரே கூட்டின் இரண்டு பக்கங்கள்தான்.

தசை வலிக்கிறது என்றால் தசை வலியாகவே தெரிய வேண்டியதுதானே, இதயவலி மாதிரி ஏன் தெரிகிறது? இதயத்திலிருந்து வலிச்செய்தி கொண்டுவரும் நரம்புகளும், மார்புச் சுவர், கையின் உட்புறம் ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் நுழைகின்றன. செய்தி மேலே போகும்போது, அனுப்பியது எந்த உறுப்பு என்று மூளையால் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. இதயம் அடைபடும்போது கை வலிப்பது இதனால்தான். தசை இறுகும்போது இதயம் வலிப்பதாகத் தோன்றுவதும் இதனால்தான். உணவுக்குழாய் இன்னும் நெருக்கம், இதயத்துக்கு நேர் பின்னால் ஓடுகிறது. அமிலம் மேலே ஏறினாலும் குழாய் திடீரென்று சுருங்கினாலும் நெஞ்சை நசுக்குவது போலவே இருக்கும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இந்தச் சுருக்கத்தையும் தளர்த்திவிடும். அந்த மாத்திரையில் வலி நின்றது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. 1940-களில் அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்ற பெண் மருத்துவர், மார்புத் தசையின் சில புள்ளிகள் இதயவலியை அப்படியே நகலெடுக்கின்றன என்று காட்டினார். பிற்பாடு அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர் அவர்தான்.

இதோடு பயம் சேர்ந்தால் கதை வேகம் பிடிக்கிறது. அச்சத்தில் அட்ரினலின் சுரந்து உடம்பு ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாவதை ஹார்வர்டின் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. "கை மரத்துப்போச்சு, அட்டாக்தான்" என்று அந்த மனிதர் நினைக்கிறார். நினைத்த மாத்திரத்தில் இன்னும் பயம். இன்னும் வேகமாக மூச்சு. இரவு இரண்டு மணிக்கு வீடே எழுந்து நிற்கிறது. இந்தக் கணத்தில் அவர் அனுபவிக்கும் எதிலும் நடிப்பில்லை. அவருடைய தசை நிஜமாக வலிக்கிறது. விரல் நிஜமாக மரத்திருக்கிறது. சாவு பக்கத்தில் நிற்பதாக அவர் நிஜமாகவே உணர்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தன் நெஞ்சுவலிக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி, அழுத்தினால் கூடுகிறது, திரும்பினால் மாறுகிறது, ஊசி குத்துவது போல வந்து நொடியில் போகிறது என்றால் அது பெரும்பாலும் தசையோ குருத்தெலும்போ. நெஞ்சு முழுக்கப் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது, படியேறினால் வந்து உட்கார்ந்தால் குறைகிறது என்றால் இதயம். பாடப்புத்தகத்தில் கோடு இப்படித் தெளிவாக இருக்கிறது. மனித உடம்பில் அது அழிந்து அழிந்து கிடக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மழுங்கி, மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். பெண்களுக்கு வெறும் அசதியாகவும் குமட்டலாகவும் முதுகுவலியாகவும் வரலாம். முதுகைக் கிழிப்பது போலத் திடீரென்று வரும் வலி, பெருந்தமனி கிழிந்ததாலும் இருக்கலாம். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் ஈசிஜி சரியாகவே இருக்கக்கூடும். மறுபடி எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

"கேஸா இருக்கும்ப்பா, ஒரு சோடா குடிங்க" என்று பிள்ளை சொல்வதும், "ஓமத்தண்ணி வெச்சுத் தரேன், குடிச்சிட்டுப் படுங்க" என்று மனைவி சொல்வதும் அன்பில்தான். அந்த அன்பில் விடியும்வரை காத்திருந்து போய்ச்சேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. புதிதாக வந்த நெஞ்சுவலி எதுவானாலும் முதலில் இதயம் என்றே எண்ணி 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய மருத்துவமனை தூரமாக இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாக அங்கேயே கொடுத்து மேலே அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. ஒருமுறை 'நார்மல்' என்று சொல்லிவிட்டால் ஆயுள் முழுக்க அது செல்லும் என்றும் எண்ண வேண்டாம். இந்த வலி இதயத்தில் இல்லை என்று உலகுக்கு விளக்கிய பால் வுட், 1962-ல் தன் 54-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார்.

சரி, போயாயிற்று. பார்த்தாயிற்று. இதயத்தில் கோளாறில்லை. நான் உண்மையில் பேச வந்தது இதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

என் சித்தி ஒருத்தி திருவாரூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். அவளுக்கு இடது மார்பிலும் முதுகிலும் வலி வந்தது. முதல் தடவை பக்கத்து டவுனுக்குக் காரில் கொண்டுபோனார்கள். ஈசிஜி, எக்கோ, பிறகு ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். வீடு திரும்பும்போது எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது தடவை வலி வந்தபோது சந்தோஷம் குறைந்தது. மூன்றாவது தடவை சித்தப்பா, "காசுதான் தண்டம். மனசைத் தைரியமா வெச்சுக்கத் தெரியல ஒனக்கு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உரம் வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்ற நேரம் அது. அக்கம்பக்கத்தில் வேறு மாதிரிப் பேச்சு. வேலை செய்ய உடம்பு வளையவில்லை, அதனால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்றார்கள். சித்தி அதற்குப் பிறகு வலியை வெளியில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று, வலி போகும்வரை காத்திருந்துவிட்டு வேலையைத் தொடர்வாள்.

எனக்கு இதில் மிகவும் அச்சம் தருவது அந்த மௌனம்தான். நாளைக்கு அவளுக்கு மாரடைப்பே வந்தாலும் அப்படித்தான் சுவரில் சாய்ந்து நின்றிருப்பாள். 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவைத்த நல்ல செய்தி, அவள் வாயை அடைத்துவிட்டது.

ஒருநாள் காய்ச்சலுக்காக உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் போயிருக்கிறாள். வயதானவர். ரிப்போர்ட் எதையும் கேட்கவில்லை. முதுகில் ஸ்டெத் வைத்தவர், அவள் முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டு, தோள்பட்டை எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் அவள் துள்ளிவிட்டாள். முன்னால் மார்பிலும் அந்த வலி தெறித்தது. அவர் விரலை எடுக்காமலே கேட்டார்:

"வீட்ல யாரைம்மா தூக்குறீங்க?"

"மாமியாரை, சார்."

"எத்தனை வருஷமா?"

நான்கு வருடம். பக்கவாதம் வந்து படுத்த மாமியாரை, படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும். இரவிலும்தான். குளிப்பாட்டத் தூக்க வேண்டும். நாற்காலிக்கு மாற்றத் தூக்க வேண்டும். தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இறக்கிய பிறகும் அந்தப் பிடியை விட மறந்துவிடுவாள். இதையெல்லாம் அந்த அறையில் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். நான்கு வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அவர் பெரிய வைத்தியம் எதுவும் செய்துவிடவில்லை. "இந்த வலி நிஜம்மா, இதோ இந்தத் தசையில இருக்கு" என்று அவள் விரலைப் பிடித்தே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஆளை நேரே தூக்காமல் விரிப்போடு சேர்த்துப் புரட்டுவது எப்படி, அதற்கு இன்னொருவர் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியது ஏன் என்று சொன்னார். வெந்நீர் ஒத்தடம், வயிறு அசைய மெதுவாக மூச்சு விடப் பழகுவது, சாயங்காலம் ஒரு நடை. மறுநாள் சித்தப்பாவை வரச்சொல்லி, இரவில் பாதிநேரம் அம்மாவை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. இப்போதும் வரும். ஆனால் அது வரும்போது செத்துப்போய்விடுவோம் என்ற திகில் வருவதில்லை. சித்தப்பா விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறார்.

அந்த மருத்துவரின் கேள்வியைப் பற்றி நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அவளுடைய வலியில் எவ்வளவு பங்கு தசை, எவ்வளவு பங்கு மனக்கவலை? யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? மாமியாரின் எடை அவள் முதுகுத் தசையில் ஏறியது. தன்னைத் தவிர அந்தக் கிழவிக்கு ஆளில்லை என்ற நினைப்பும் அதே தசையில்தான் ஏறியது. தூக்கிய கையும் பயந்த மனமும் ஒரே ஆளுடையவை. உடம்பு வலியா, மனசு வலியா என்று நாம் கேட்கிறோம். உடம்பு அப்படி இரண்டு கணக்கு வைத்துக்கொள்வதே இல்லை.

பெரிய மருத்துவமனைகளிலும் 'யாரைத் தூக்குறீங்க' என்ற கேள்வி தவறிப்போகிறது. கனடாவின் மான்ட்ரியல் இதய நிறுவனத்தில், அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வந்த 441 பேரை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் திடீர்ப் பீதி நோய் இருந்தது. அப்படி இருந்தவர்களில் 98 சதவீதம் பேரை அங்கிருந்த இதயநோய் மருத்துவர்கள் அடையாளம் காணவில்லை. அவர்கள் திறமையில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இதயத்தைப் பார்க்கச் சொன்னார்கள், இதயத்தைப் பார்த்தார்கள். பேச்சுவழிச் சிகிச்சையாலும் மருந்தாலும் நன்றாகக் குணமாகக்கூடிய ஒரு நோய், நற்சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த மாதம் அதே ஆள், அதே வலி, அதே ஈசிஜி.

நம் ஊரில் 'டென்ஷன்தான்' என்பதில் ஒரு 'தான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்ஷன் என்றால் உயிருக்கு ஆபத்தில்லாதது, அற்பமானது, ஆள் கொஞ்சம் தேற வேண்டும், அவ்வளவே என்ற நினைப்பு. இது சுத்தமாகத் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவருக்கு நெஞ்சுவலி உண்டு. கோபம் வந்தால் வலியும் வரும். தன்னைச் சீண்டிப்பார்க்க நினைக்கும் எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்வதுண்டு. 1793 அக்டோபரில் மருத்துவமனைக் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றி, அறையைவிட்டு வெளியே வந்து விழுந்து இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது இதயத் தமனிகள் சுண்ணாம்பாக இறுகியிருந்தன. கவலை இதயநோயைப் போல வேஷம் போடுவது ஒருபக்கம் இருக்கட்டும். மனக்கொந்தளிப்பு இதயத்தை நிஜமாகவே தாக்கும் என்பதற்கு இது ஒரு பழைய சாட்சி.

புதிய சாட்சியும் இருக்கிறது. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் டாகோட்சுபோ என்ற நோயை முதலில் விவரித்தார்கள். பெரிய துக்கமோ அதிர்ச்சியோ தாக்கியவுடன் இதயத்தின் இடது கீழறை பலூன் மாதிரி உப்பி, சுருங்க மறுக்கிறது. தமனியில் அடைப்பே இருக்காது, ஆனால் ஈசிஜி மாறும், ட்ரோபோனின் ஏறும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. 2004-ல் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது இந்த நோயாளிகள் அங்கே கூடினார்கள். அதே 2004-ல், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பேரை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு வெளிவந்தது. மாரடைப்புக்கு வழிவகுக்கும் ஒன்பது காரணங்களை அது சொன்னது. புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் மன அழுத்தமும் நின்றது. நம் தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே மாரடைப்பு வருவதையும் அதே ஆய்வு காட்டியது.

ஆக, இன்று தசையைப் பிடித்திருக்கும் சுமைதான் பத்து வருடம் கழித்துத் தமனியைப் பிடிக்கவும் கூடும். இதயம் நன்றாக இருக்கும்போதே வரும் வலியை ஒரு முன்கூட்டிய தகவலாகத்தான் நான் பார்க்கிறேன். உடம்பு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த நேரத்தில் நாம் அந்த ஆளிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்கிறோம்!

வலிக்கு உறுப்பைக் கேட்பது மருத்துவம் முதலில் செய்ய வேண்டிய வேலை. அதில் சமரசமே கூடாது. உறுப்பு கிடைக்காதபோது சுமையைக் கேட்பதும் மருத்துவமே. பிலடெல்பியாவிலும் லண்டனிலும் சிப்பாய்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த இரண்டாவது கேள்வி. கடைத்தெருவில் மூட்டை தூக்குபவரிடமும், மாதத் தவணையை எண்ணிக்கொண்டு இரவு முழுக்கக் கணினி முன் உட்காரும் இளைஞனிடமும், வளைகுடா வெயிலில் கட்டடம் கட்டிக்கொண்டு ஊரிலுள்ள தங்கையின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டிருப்பவரிடமும் அதைக் கேட்கலாம். அவர்கள் தூக்குவது நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அதற்கு எடை இல்லாமல் போய்விடாது.

மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. உங்கள் வெளிநோயாளி வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆனாலும் 'நார்மல்' என்று சொன்ன வாயோடு, வலி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். முடிந்தால் விரல் வைத்து அழுத்திக் காட்டுங்கள். விளக்கம் கிடைத்த வலி பாதி மிரட்டலை இழந்துவிடுகிறது.

வீட்டில் இருப்பவர்களிடம்: பரிசோதனை முடிந்து சுத்தமான ரிப்போர்ட்டோடு ஒருவர் திரும்பி வந்தால், அவரைச் செல்லமாகக்கூடக் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலிக்குப் பயந்து அடுத்த தடவை சொல்லாமல் இருந்துவிடுவார். அவர் தூக்குவதில் ஒரு முனையை நீங்கள் பிடிக்க முடியுமா என்று பாருங்கள்.

வலியோடு இருப்பவருக்கு: வலிக்குப் பயந்து படுத்துவிடாதீர்கள். லூயிஸ் கண்டது இன்றும் உண்மை. மருத்துவர் சரியென்று சொன்ன பிறகு நடங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மூச்சை வயிறு வரைக்கும் விடுங்கள். வலியின் தன்மை மாறினாலோ புதிதாக வியர்வையோ மூச்சுமுட்டலோ சேர்ந்தாலோ, போன மாதம்தானே பார்த்தோம் என்று தயங்காமல் மறுபடி போய்க் காட்டுங்கள். நெஞ்சில் இருப்பதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை என்றால் தமிழ்நாடு அரசின் நட்புடன் உங்களோடு மனநல சேவை இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.